பயனாளியின் வளைகாப்பு

காஜா பெராங் நாய் நலம் பேணும் சங்கத்தில் நாய் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்களுக்குச் சங்கங்களின் இயல்பு தெரியாது. மலாக்காவின் அந்த வட்டாரத்தில் மரண சகாய நிதிச் சங்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. நாடக சபை இருந்தது. திருவிழாக் குழு இரண்டு இருந்தன. ஒன்று போகிற தெருவில் மற்றது போகாது. இவற்றின் நாற்காலிகளெல்லாம் நிரம்பிய பிறகும், மாலை விழுவதற்குத் தோதான கழுத்துகள் சில ஊரில் மிச்சமிருந்தன. நாடு சுதந்திரம் வாங்கப்போகிற வருஷத்தில் பதவியில்லாமல் தெருவில் எப்படி நடப்பது? மனிதர்களுக்குச் செய்யவேண்டிய சேவை முழுவதும் பிறர் கைக்குப் போய்விட்டபடியால் நாய் மிஞ்சியது.

தலைவர் ராஜரத்தினம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நாய் வந்தால் சாலையைக் கடந்து அடுத்த பக்கம் போய்விடுவார். செயலாளர் கருணாகரன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் கைதட்டல் கிடைக்கும்வரை முடிக்க மாட்டார். சங்கம் கூடுவது அப்துல் கய்யூமின் மளிகைக் கடை மாடியில். ஊரே கய்யூம் காக்கா என்று அழைக்கும் அவர், அரிசி மூட்டை இருக்கிற இடம், தாம் தொழுகிற இடம், ஆகையால் மாடிப்படியில் நாய் ஏறக்கூடாது என்ற ஒரே நிபந்தனையின் பேரில் அறையை விட்டிருந்தார். சங்கம் இந்த நிபந்தனையை ஏகமனதாக ஏற்றது. தலைவருக்கு அதில் சந்தோஷம்கூட.

இந்தச் சங்கத்துக்குள் மருதமுத்து வந்து விழுந்தது தற்செயல்.

மருதமுத்து டோபி கடையில் இஸ்திரி போடுகிறவர். மலாக்காவின் பெரிய மனிதர்களை அவருக்குக் காலர் வழியாகத்தான் தெரியும். யாருக்குக் கழுத்து வியர்க்கும், யார் சட்டைப் பையில் வெற்றிலைக் கறை இருக்கும், எந்த ஜிப்பாவில் மாலையின் மஞ்சள் சாயம் ஏறியிருக்கும் என்று சொல்வார். சொல்வார் என்பது பேச்சுக்கு, கேட்பதற்கு ஆளில்லை. மனைவி சந்திரமதி மகளுக்குக் கல்யாணம் முடிக்க நாகப்பட்டினம் பக்கம் போனவள். ஆறு மாதம் என்று சொல்லிப் போனாள். மகளுக்குக் குழந்தை பிறந்து, அது நடந்து, அதற்குத் தம்பியும் பிறந்தாகிவிட்டது. “வீட்ல எப்ப வராங்க?” என்று யாராவது கேட்டால், “அடுத்த கப்பல்ல” என்பார். கொஞ்ச காலத்தில் கேட்பவர்கள் நின்றுபோனார்கள். அடுத்த கப்பல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

வீட்டில் இருந்தது புஷ்பம். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்து ஒரு காது நிமிர்ந்திருக்கும். கம்போங்கில் திரிகிற நாட்டு நாய்தான். கடையிலிருந்து இவர் திரும்பும்போது வேலிக்கு வெளியே வந்து நிற்கும். அந்தத் தெருவில் அவர் வருவதைக் கவனிக்கிற உயிர் அது ஒன்றே.

போன வருஷம் புஷ்பம் ஈன்ற குட்டிகள் ஒன்றும் தங்கவில்லை. வயிறு பானை மாதிரி ஊதி, முடி சிலிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. புழு என்றார்கள். கடைசிக் குட்டியைக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு வந்தபோது புஷ்பம் அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு மண்வெட்டியை முகர்ந்தது. அப்போது அவர் அதனிடம் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது. மறுபடி சினையானதும் அதை அழைத்துக்கொண்டு நேரே கிளேபாங்குக்குப் போனார்.

கிளேபாங் கடற்கரை பங்களாவில் மிருக வைத்தியர் ஒருவர் இருந்தார், வெள்ளைக்காரர். ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர், மருதமுத்து நின்ற நிலையைப் பார்த்துப் பெட்டிக்குள் போய்விட்ட பூதக்கண்ணாடிக் கருவியை வெளியே எடுத்தார். புஷ்பத்தின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மலாயில் விளக்கினார். இந்த ஊரில் இதயத்துக்குள் குடியேறுகிற புழு ஒன்று உண்டு, கொசுதான் அதைக் கொண்டுவருகிறது; இதன் ரத்தத்தில் அந்தக் குஞ்சுகள் இல்லை, கொசு கடிக்காமல் பார்த்துக்கொள். வயிற்றுப் புழு வேறு. தாயிடமிருந்து அது கருவிலேயே குட்டிக்குப் போகும். அதற்குப் பழைய எண்ணெய் மருந்து ஒன்று கடையில் விற்கிறது, சினை நாய்க்கு மறந்தும் கொடுக்காதே, குட்டி தங்காது. புதிதாக ஒரு தூள் வந்திருக்கிறது, அது பத்திரம். என்னிடமிருந்த டின்னை நேற்றுத்தான் உங்கள் ஆட்களின் சங்கத்துக்குக் கொடுத்தேன். போய்க் கேள். ஐந்து நிமிட வேலை.

நல்ல மனிதர். வெகு காலம் இந்த நாட்டில் இருந்தும் சங்கம் என்றால் என்னவென்று தெரியாமலே கப்பலேறிவிட்டார்.

மருதமுத்து அன்றே சந்திரமதியின் கொசுவலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, புஷ்பம் படுக்கிற மூலையில் நான்கு ஆணியடித்துக் கட்டினார். வீட்டிலிருந்த வலை அது ஒன்றுதான். அவரைக் கொசு கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் புஷ்பத்தைக் கீழே மின்கம்பத்தில் கட்டிவிட்டு மாடியேறினார். டின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சின்ன மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். கூட்டத்தின் முதல் நிகழ்ச்சியாகத் தலைவர் அலமாரியைத் திறந்து, டின்னின் மூடியைக் கழற்றிச் சபைக்கு ஒரு சுற்றுக் காட்டினார். செயலாளர் பன்னீர் தெளித்தார். பிறகு மூடி உள்ளே வைத்தார்கள்.

“அதான் தொறந்தாச்சுங்களே, கொஞ்சம் குடுத்தீங்கன்னா…” என்றார் மருதமுத்து.

“இது திறப்பல்ல, தரிசனம்,” என்றார் கருணாகரன். “திறப்பு விழாவுக்குக் கவுன்சிலர் தேதி கொடுக்கவேண்டும். நீங்கள் யார்?”

“டோபி கடை மருதமுத்துங்க.”

“உட்காருங்கள், திரு. மருதமுத்து அவர்களே.”

மருதமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆளில்லை. தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கீழேயிருந்து கய்யூம் காக்கா அனுப்பிய காப்பியும் பிஸ்கட்டும் வந்தன. அவருக்கும் ஒரு கோப்பை இருந்தது.

விசாரணை தொடங்கிற்று.

“பயனாளியின் பெயர்?”

“புஷ்பங்க.”

காலஞ்சென்ற தம் தாயாரின் பெயர் சபையில் இப்படி எழுந்ததைத் தலைவர் எதிர்பார்க்கவில்லை.

“வேற பேரு இருக்கா?” என்றார் மெல்ல.

“அதுக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதாங்க.”

சங்க நடவடிக்கைகளில் அந்த நாயைப் பயனாளி என்றே குறிப்பிடுவது என்று தீர்மானமாயிற்று.

“தகப்பன்?”

“காப்பிக் கடைக் கருப்புன்னு நினைக்கிறேன். சரியாத் தெரியலீங்க.”

“நினைக்கிறீங்களா!” தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நாட்டுக்குச் சுதந்திரம் வருது. இந்த நேரத்துல நம்ம சமுதாயம் எங்க போய்க்கிட்டு இருக்கு பாத்தீங்களா, வாத்தியாரே?”

கருணாகரன் எழுந்தார். “தலைவரவர்களே! வயிற்றில் சுமக்கிறவளிடம் தமிழ்ப் பண்பாடு கேள்வி கேட்டதில்லை, வளையல்தான் போட்டது. முதல் பயனாளிக்குச் சங்கத்தின் செலவில் வளைகாப்பு நடத்தி, அந்த மங்கல மேடையிலேயே முதல் மருந்தைக் கவுன்சிலர் திருக்கரத்தால் புகட்டினால்…” இங்கே கைதட்டல் கிடைத்ததால் வாக்கியம் முடிந்தது.

“ஐயா, மருந்து மட்டும் போதுங்க. குட்டிங்களுக்குத் தொத்திக்கும்னு…”

“மருந்து எங்கயும் ஓடிப் போவாது,” என்றார் தலைவர் அன்பாக. “அலமாரியிலதான இருக்கு. அடுத்த ஞாயிறு வாங்க.”

மருதமுத்து படியிறங்கினார். மருந்து கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றபோது, அடுத்த ஞாயிறு போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு கவுன்சிலர் கோலாலம்பூரில் இருந்தார். அதற்கடுத்த ஞாயிறு மருந்தளவுத் துணைக்குழு கூடிற்று: நாயின் எடைக்கு மருந்தா, வயிற்றிலுள்ள குட்டிகளையும் சேர்த்த எடைக்கா என்ற கேள்வியை மிக ஆழமாக விவாதித்தார்கள். உள்ளே எத்தனை உயிர் என்று தெரியாத நிலையில் அவற்றின் சம்மதமின்றி மருந்து கொடுப்பது ஜனநாயகமா என்று ஒருவர் கேட்டார். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறிற்று. பிறகு தலைவர் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டுக் கழியாமல் டின்னைத் தொட முடியாது. தரிசனம் மட்டும் செயலாளர் கையால் நடந்தது, பன்னீரோடு.

பிறகு மெர்டேக்கா என்கிற சுதந்திர தினம் வந்தது. அன்றைக்கே விழாவை வைத்துவிடலாம் என்று மருதமுத்து பயந்து பயந்து சொன்னார்.

“திரு. மருதமுத்து அவர்களே,” என்றார் தலைவர். “முதலில் நாடு. பிறகு நாய்.”

இதற்கும் கைதட்டினார்கள். மருதமுத்துவும் தட்டினார்.

ஒருநாள் கடைக்கு உப்பு வாங்க வந்தவரைக் கய்யூம் காக்கா பிடித்து நிறுத்தினார்.

“மருதமுத்து, நீ எதுக்குப்பா மேல ஏறி எறங்கிக்கிட்டு இருக்க? பண்டார் ஹிலிர் பக்கம் மிருக டிஸ்பென்சரியில அதே தூள் கவுண்டர்லயே குடுக்குறானாம். நாயக் கூட்டிட்டுப் போனா அங்கயே வாயில போட்டு அனுப்புறான். ஆடு வச்சிருக்கிறவன் சொன்னான்.”

“அப்படிங்களா காக்கா?”

“நாளைக்கே போயிரு. வயிறு கீழ எறங்கிருச்சு பாத்தியா? ரொம்ப சுசா இல்ல, சிரமப்பட வேணாம், பஸ்ஸுல ஏத்தலன்னா நடந்தே போயிரலாம்.”

“போவணும் காக்கா.”

போகவில்லை. மறுநாள் கடையில் துணி அதிகம் என்று தமக்குச் சொல்லிக்கொண்டார். துணி வழக்கமான அளவுதான் இருந்தது. டிஸ்பென்சரியில் மருந்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை யாரும் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட மாட்டார்கள். “பசியாறிட்டீங்களா, மருதமுத்து?” என்று தலைவர் கேட்க மாட்டார். அவர் பெயருக்குப் பின்னால் அந்த ‘அவர்கள்’ ஒட்டியிருக்காது. மாடியறையில் வாரம் தவறாமல் கூடிய மற்றவர்களும் வீட்டில் காப்பி கிடைக்காமல் வந்தவர்கள் அல்லர். ஒருவருக்கு மகன் பேசுவதில்லை. ஒருவருக்கு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். நாய் வளர்த்தால் நாயோடு வீட்டில் இருக்கவேண்டும்; நாய்ச் சங்கம் வளர்த்தால் நாலு பேரோடு உட்காரலாம். இந்தச் சூட்சுமம் மருதமுத்துவுக்கு வார்த்தையாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த நாற்காலிதான். வலைக்குள் படுத்திருந்த புஷ்பத்தின் வயிற்றில் கை வைத்தபோது, உள்ளே ஏதோ ஒன்று அவர் உள்ளங்கையை உதைத்தது. கையை எடுத்துக்கொண்டார்.

விழா நாள் வந்தது. காப்பிக் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் பந்தல், ஒலிபெருக்கி, வாழை மரம், புதுக் கொடி. போட்டோ பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். மேடை நடுவில் டின்னுக்கு உயரமான நாற்காலி போட்டு மாலை சாத்தியிருந்தார்கள். புஷ்பத்துக்கு ஒரு பாய். அதன் வயிறு தரையைத் தொட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கி கொரகொரக்கும்போதெல்லாம் மருதமுத்துவின் காலுக்கிடையில் புகுந்தது.

வளையல் தட்டோடு வந்தவர் செயலாளரின் மனைவி கமலவேணி.

“ஏங்க, இது காலு. கையில்ல. எங்கன போடுறது?”

“முன்னங்காலைக் கையாகக் கொள்க,” என்றார் கருணாகரன், ஒலிபெருக்கியில்.

“கொள்கன்னா நிக்குமா? உருவிக்கிட்டு வருது. நீங்க வந்து கொள்ளுங்க.”

கடைசியில் வளையல்களை நாடாவில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். கலவைச் சாதம் ஏழும் பாயின் முன்னால் வைக்கப்பட்டன. புஷ்பம் தயிர்ச் சாதத்தை மட்டும் முகர்ந்துவிட்டு எலுமிச்சைச் சாதத்துக்குத் தும்மியது. பெண்கள் சிரித்தார்கள். அங்கே நடந்தவற்றுள் உண்மையானது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

தலைவர் உரை. பயனாளியிடமிருந்து எட்டத் தள்ளி நின்றபடி அவர் சொன்னார்: “நாய்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சிலர் வெளியே பேசுகிறார்கள். பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். தெரியாதவனால்தான் நடுநிலையோடு தலைமை தாங்க முடியும். முப்பது வருஷம் நான் ரப்பர் மரத்தில் கை வைத்ததில்லை, தோட்டம் நடக்கவில்லையா?”

கவுன்சிலர் வரவில்லை. அவருடைய கிடங்கு மேற்பார்வையாளர் தியாகு பிரதிநிதியாக வந்திருந்தார். “கவுன்சிலர் ஐயாவுக்கு இன்று வேறு வேலை எதுவும் இல்லை,” என்று அவர் தொடங்கினார். “இருந்தாலும் அவரால் வர இயலவில்லை. நேற்றிரவுதான் என்னிடம் சொன்னார்: தியாகு, அவர்கள் ஏதோ நாய்க்குச் செய்கிறார்களாம், நீ போய் என் சார்பில் சந்தோஷப்பட்டுவிட்டு வா. ஆகவே நான் சந்தோஷப்படுகிறேன். வெள்ளையர் நமக்குச் சுதந்திரத்தையும் இந்த டின்னையும் விட்டுச் சென்றிருக்கிறார்கள். இரண்டையும் நாம் திறந்து பார்க்கிற நேரம் வந்துவிட்டது.”

டின்னைத் திறந்தார். கரண்டியை விட்டார். கரண்டி இறங்கவில்லை, டங்கென்று சத்தம் கேட்டது. மறுபடி குத்தினார். கரண்டிதான் வளைந்தது.

வாரந்தோறும் மூடியைக் கழற்றித் தரிசனம் காட்டி, மேலே பன்னீர் தெளித்துத் தெளித்து, உள்ளேயிருந்த தூள் ஈரம் குடித்துக் கல்லாகியிருந்தது. மஞ்சள் பூத்த அந்தக் கல்லிலிருந்து ரோஜா வாசம் வந்தது.

மேடையில் எல்லோரும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்கள். போட்டோ பிடிப்பவர் துணிக்குள்ளிருந்து, “ரெடியா?” என்றார்.

கருணாகரன் மேடையைவிட்டு ஓடினார். நாலு வாய்ச் சாதம் தின்னும் நேரத்தில் ஒரு பச்சைச் சீசாவோடு திரும்பினார். தலைவரின் முகம் மலர்ந்தது. சீசாவைத் திறந்ததும் மூக்கைக் குத்துகிற எண்ணெய் நெடி மேடையெங்கும் பரவிற்று. புஷ்பம் பின்வாங்கியது.

“ஐயா, அது என்னங்க?” என்றார் மருதமுத்து.

“புழு மருந்துதான்,” என்றார் தலைவர். “ பழம்பெரும் மருந்து. நம்ம ஆளுங்க கடைச் சரக்கு.”

“எண்ணெய் மருந்தா? அது சினையா இருக்கிறதுக்கு ஆவாதுங்க. குட்டி தங்காதுன்னு துரை சொன்னாரு.”

“ஒரு கரண்டிதானய்யா! போட்டோவுக்கு.”

“ஒரு சொட்டும் வேணாங்க. துரை அவ்வளவு தூரம் சொல்லி அனுப்புனாரு.”

“துரை போய்ட்டாரு!” தலைவருக்குக் குரல் ஏறிவிட்டது, ஒலிபெருக்கி அதைக் காப்பிக் கடைவரை கொண்டுபோயிற்று. “இன்னும் துரை சொன்னாரு, துரை சொன்னாருன்னு! இப்ப நாடு நம்முது, தெரியுமா?”

தலைவர் எட்டி நீட்டிய கரண்டி புஷ்பத்தின் வாயை நோக்கி வந்தது. தியாகு அதன் தாடையைப் பிடிக்கக் கை நீட்டினார். அது பல்லைக் காட்டவில்லை. நிமிர்ந்து மருதமுத்துவின் முகத்தைப் பார்த்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தப் பார்வையில் அவர் முன்னால் வந்து நின்றன.

“நாடு நம்முதுதாங்க,” என்றார் மருதமுத்து. “நாயி என்னுது.”

குனிந்து, வளையலும் வயிறுமாக அதை இரு கையாலும் அள்ளித் தூக்கினார். கனத்தது. ‘அவர்கள்’ என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு கணம் நினைத்தாரோ என்னவோ, படியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு இறங்கிப் போனார். முதுகுக்குப் பின்னால் நன்றியுரை தொடங்கியது; வருகை தந்து சிறப்பித்த பயனாளிக்கும் நன்றி சொன்னார்கள். விழாப் போட்டோவில் தலைவர் ஒரு காலிப் பாய்க்கு மருந்து புகட்டிக்கொண்டிருக்கிறார். சங்க அறையில் அது மாட்டப்பட்டது.

மறுநாள் காலை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, புஷ்பத்தை ரிக்‌ஷாவில் உட்காரவைத்துப் பண்டார் ஹிலிருக்குப் போனார். டிஸ்பென்சரியில் இருந்தவர் ஒரு செராணிக்காரர், போர்த்துகீசியக் கலப்பு வம்சம், தடித்த உடம்பு, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். நாயைத் தூக்கித் தராசில் வைத்தார், தூளை அளந்து அவித்த மீனில் பிசைந்து நீட்டினார், புஷ்பம் விழுங்கியது. அவ்வளவுதான். மாலை இல்லை. தகப்பன் பெயரைக் கேட்கவில்லை.

“இவ்வளவு முற்றியபிறகா கொண்டுவருகிறாய்? இந்த மருந்து இங்கே எப்போதும் இருக்கிறதே,” என்று மலாயில் கேட்டார்.

மருதமுத்து புஷ்பத்தின் வாயைத் துடைத்துவிட்டார். “மீட்டிங் இருந்தது, துவான்,” என்றார்.

செராணிக்காரர் இன்னொரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். பிறக்கிற குட்டிகளுக்கும் கொஞ்சம் வளர்ந்ததும் இதைக் கரைத்து ஊற்றவேண்டும். ஒருவர் பிடிக்கவேண்டும், ஒருவர் ஊற்றவேண்டும், தனியாகச் செய்தால் புரையேறிவிடும். வீட்டில் ஆள் இருக்கிறதா?

“இருக்காங்க,” என்றார் மருதமுத்து.

அந்த வாரமே புஷ்பம் வலைக்குள் ஈன்றது. ஒரு குட்டி மூச்சில்லாமல் வந்தது. தாமதத்தினால்தானா என்று கேட்க அவருக்கு யாருமில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். மற்றவை உயிரோடு இருந்தன. ஞாயிறு வந்தபோது வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கழற்றிக் கொடியில் போட்டார். அதற்கடுத்த ஞாயிறு மாட்டவே இல்லை. பிற்பகல் நீளமாக இருந்தது. குட்டிகளின் வயிற்றை மாறி மாறித் தடவிப் பார்த்தார், மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் போன தடவையும் இந்த வயதில் மெத்தென்றுதான் இருந்தது.

மருந்து ஊற்றவேண்டிய நாளும் வந்தது. முதல் குட்டியை முழங்காலுக்கிடையில் இடுக்கி, ஒரு கையால் வாயைத் திறந்து, மறு கையால் கரண்டியைக் கொண்டுபோனார். குட்டி நழுவிற்று, மருந்து வேட்டியில் போயிற்று. மறுபடி பிடித்தார். புரையேறி அது இருமியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பொட்டலத்தில் இருந்ததோ அளவாகத்தான் இருந்தது. குட்டியைத் துணியில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வேலிக்கு வெளியே யாரோ கனைத்தார்கள். ராஜரத்தினம். கஞ்சி போட்ட ஜிப்பா, தோளில் துண்டு. வாசலைவிட்டு எட்டி நின்றுகொண்டார்.

“காஜா பெராங் நாய் நலம் பேணும் சங்கத்தின் சார்பில்,” என்று தொடங்கினார், “பொது மேடையிலிருந்து அனுமதியின்றி வெளியேறிச் சங்கத்தின் மாண்பைக் குலைத்த காரணத்தால், திரு. மருதமுத்து அவர்களாகிய உங்களைச் சங்கத்திலிருந்து நீக்குவதென்று இன்றைய கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

“சரிங்க,” என்றார் மருதமுத்து. பிறகு, “வாத்தியார் வரலீங்களா?” என்றார்.

“அவரு புறா வளர்ப்போர் சங்கம் ஆரம்பிச்சிட்டாரு. அங்க அவருதான் தலைவர்.”

“மத்தவங்க?”

“எல்லாம் புறாவுக்குப் போய்ட்டாங்க.”

“அப்ப இன்னிக்குக் கூட்டத்துக்கு யாரு இருந்தாங்க?”

ராஜரத்தினம் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இருந்தேன்,” என்றார்.

மருதமுத்து எழுந்துபோய் வேலிப் படலைத் திறந்தார். “உள்ள வாங்க.”

“தாய் கடிக்குமா?”

“கடிச்சாலும் கடிப்பா. புள்ளபெத்தவ. பேசாம வந்து உக்காருங்க.”

ராஜரத்தினம் சுவரோரமாகவே நகர்ந்து வந்து, ஜிப்பாவைக் கூட்டிப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். புஷ்பம் தலையை உயர்த்தி அவரைப் பார்த்து லேசாக உறுமியது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ரெண்டு கையாலயும் புடிங்க. இப்படி. தல தொங்கக்கூடாது.”

“விழுந்துருச்சுன்னா?”

“புடிச்சா எப்படி விழும்?”

குட்டி அவர் கைக்குள் வந்தது. வெதுவெதுப்பாக, அடியில் படபடவென்று அடித்துக்கொண்டு. ராஜரத்தினம் கண்களை இறுக மூடிக்கொண்டார். மருதமுத்து நிதானமாக வாயைத் திறந்து ஊற்றினார். மெல்ல மெல்ல, ஒரு துளி சிந்தாமல் உள்ளே போயிற்று. குட்டி நாக்கைச் சுழற்றிவிட்டு, பெரிய கிராணியின் கஞ்சி போட்ட ஜிப்பாவை நிதானமாக நனைத்தது.

“மருதமுத்து,” என்றார் ராஜரத்தினம், கண்ணைத் திறக்காமலே. “இது என்னமோ செய்யுது.”

“செய்யட்டுங்க. அடுத்ததப் புடிங்க.”